எம்.எஸ்ஸி நர்சிங் சேரப் போகிறேன். இரண்டு வருஷத்துக்கு நட்பு, சொந்தம், விசேஷம் எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மறக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது ஸ்டாஃப் நர்ஸாக இருந்துகொண்டு எல்லா இடத்துக்கும் தலையைக் காட்டுகிறீர்களே, அது நடக்காது.

நான் மூன்று வருஷம் குழந்தைகள் ஐ.சி.யூ-வில் வேலை பார்த்துவிட்டு, கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் குழந்தைகள் நலப் பிரிவில் எம்.எஸ்ஸி முடித்தவள். சொந்த ஊர் ராஜபாளையம். சேர்ந்த முதல் வாரம் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, “போன்ல இருக்கிற குரூப் எல்லாத்தையும் மியூட் பண்ணுங்க, கல்யாணப் பத்திரிகை வந்தா வாங்கி வச்சுக்கோங்க, போகாதீங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நைட் டூட்டி பார்த்துவிட்டு நேராக பஸ் ஏறிக் கல்யாணத்துக்குப் போன ஆளிடம் வந்து இதைச் சொல்கிறாரே என்று.

சிரித்தது தப்பு. ஸ்டாஃபாக இருக்கும்போது ஷிப்ட் முடிந்தால் முடிந்ததுதான். ஹேண்டோவர் கொடுத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினால் அந்த வார்டு அடுத்த சிஸ்டருடையது. படிப்பில் ஹேண்டோவர் வாங்கிக்கொள்ள ஆளே கிடையாது. நம்மோடு அறைக்கு வரும், நம்மோடு சாப்பிடும், ஊருக்குக் கிளம்பினால் பையில் ஏறிக்கொள்ளும்.

கணக்கைப் பார்த்தால் புரியும். நான் படித்த இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில் முதல் வருஷம் தியரி 600 மணி நேரம், பிராக்டிகல் 1,100. அந்த 1,100-ல் நாம் எடுத்த ஸ்பெஷாலிட்டியின் கிளினிக்கல், அதாவது வார்டு வேலை, மட்டும் 650. இரண்டாம் வருஷம் அது 950 ஆகிறது, டிசர்ட்டேஷன் என்கிற ஆய்வுக்கு 300 தனி. பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அடுத்த வரி: பட்டம் கையில் வருவதற்குள் பிராக்டிகலில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். அதாவது அத்தை மகள் கல்யாணத்துக்கு நீங்கள் போடும் மூன்று நாள் லீவு, பின்னால் எல்லோரும் ஊருக்குப் போயிருக்கும்போது நீங்கள் மட்டும் வார்டில் நின்று அடைக்க வேண்டிய கடன். இது தெரிந்து லீவு எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு. நான் முதல் செமினார் முடிவதற்குள் ஐந்து நாள் கடன்காரி.

நேரத்தைத் தின்பது புத்தகம் இல்லை. முதல் வருஷப் பாடங்கள் நான்குதான்: நர்சிங் எஜுகேஷன், அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ், ரிசர்ச்சும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும், அப்புறம் ஸ்பெஷாலிட்டி. நர்சிங் தியரி எழுதிய ஓரெமையும் ராயையும் பி.எஸ்ஸி-யிலேயே கொஞ்சம் மென்றிருப்பீர்கள். தின்பது எழுத்து வேலை. கேஸ் ஸ்டடி, கேர் பிளான், லெசன் பிளான், சார்ட், ஃபிளாஷ் கார்டு, மாடல். மைக்ரோ டீச்சிங் என்று சின்னதாகப் பாடம் எடுத்துப் பழக எனக்கு ஆறு நிமிஷம் கொடுத்தார்கள். அந்த ஆறு நிமிஷத்துக்கு தெர்மாகோலை வெட்டி ஒரு மூச்சுக்குழாய் செய்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டல் வராண்டாவில் ஐந்து பேரும் உட்கார்ந்து, ஒருத்தி பசை தடவ, ஒருத்தி பெயிண்ட் அடிக்க, தெர்மாகோல் துகள் தலைமுடி எல்லாம் ஒட்டிக்கொண்டது. மூச்சுக்குழாய்க்குச் சிவப்பு அடிக்கலாமா ரோஸ் அடிக்கலாமா என்று அரை மணி நேரம் சண்டை. இன்றைக்கும் எங்களுக்குள் இருக்கும் நெருக்கம் அந்த வராண்டாவில் ஒட்டியதுதான். அதனால் ‘சோஷியல் லைஃப் போய்விடும்’ என்று பயப்படும்போது, புதிதாக ஒன்று வந்து சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சார்ட் எழுதுவதைத் தனியாக அறையில் பூட்டிக்கொண்டு செய்யாதீர்கள்.

எழுத்து வேலைக்கு எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. கேஸ் ஸ்டடிக்கான குழந்தையை வார்டு போஸ்டிங்கின் முதல் இரண்டு நாளிலேயே பிடித்துவிட வேண்டும். மத்தியான மருந்து முடிந்து வார்டு அடங்கும் நேரத்தில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஹிஸ்டரி கேட்டு, கைச் சுற்றளவு, எடை, உயரம் எல்லாம் எடுத்து அங்கேயே ரஃபாக எழுதிவிட்டால் சனிக்கிழமை உங்களுடையது. ‘ரூமுக்குப் போய் எழுதிக்கலாம்’ என்று வந்தால் ஞாயிறும் போச்சு.

அடுத்தது பணம். இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆனால் உறவை அறுப்பதில் நேரத்தைவிட இது கெட்டிக்காரன். எங்கள் கல்லூரியில் உதவித்தொகை எதுவும் கிடையாது. சம்பளம் வாங்கிய காலத்தில் கூட வேலை பார்க்கும் சிஸ்டர் கல்யாணம் என்றால் 1,001 வைப்பேன், கொஞ்சம் தூரம் என்றால் 501. எங்கள் பக்கம் மொய் நோட்டில் பேர் ஏறினால் ஏறியதுதான், அடுத்த முறை குறைத்து வைக்க முடியாது. சிங்காநல்லூரில் பஸ் ஏறி ராஜபாளையம் போய்வர ஆகும் செலவு, மொய், பார்த்த சேலையையே கட்டுகிறாளே என்ற பேச்சு. மூன்றாவது பத்திரிகை வந்தபோது நான் போனையே எடுக்கவில்லை. காசில்லை என்று சொல்ல வெட்கம், அதனால் ‘எக்ஸாம்’ என்றேன். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? மேல் படிப்புப் படிக்கப் போனதும் திமிர் வந்துவிட்டதாம்.

கடைசியில் அம்மாவிடம்தான் உடைத்துச் சொன்னேன். “இதுக்குப் போயா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டிருந்த? வீட்டு மொய் ஒண்ணு போதும். நீ படிச்சு முடிச்சதும் தனியா வையி” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சிநேகிதிகள் கல்யாணத்துக்கு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரே பரிசு. நீங்கள் சேருவதற்கு முன்பே வீட்டில் இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் ஒரு சின்னத் தொகையை ‘விசேஷம்’ என்று ஒதுக்கி வைத்தாலும் சரி. ராத்திரி டூட்டி பார்த்துச் சம்பாதிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். எங்கள் பேட்சில் ஒருத்தி முயன்றாள், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் கை-ஸ்கொயர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுந்தாள்.

இனி நான் பண்ணிய பெரிய தப்பு. பி.எஸ்ஸி-யில் நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தவளுக்குத் திண்டுக்கல்லில் வளைகாப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை. “ஏழு வகை சாதத்தையும் ஒரு கை பார்க்காம போக மாட்டேன்டி” என்று போனில் அளந்துவிட்டேன். திங்கள் காலை லெசன் பிளான் கொடுக்க வேண்டும், சனி ராத்திரி வரை தொடவே இல்லை. விடிய விடிய எழுதிவிட்டு, காலை ஆறு மணிக்கு மெசேஜ் போட்டேன்: “திடீர்னு போஸ்டிங் போட்டுட்டாங்கடி, ஸாரி.” போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.

அவளும் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை பி.ஜி பிள்ளைகளுக்குச் சாதாரணமாகத் திடீரென்று போஸ்டிங் போட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? மத்தியானம் எழுந்து பார்த்தால் பதில் வந்திருந்தது. இரண்டே வார்த்தை. “சரி சிஸ்டர்.”

நான்கு வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வார்டில் முகம் தெரியாத ஆளை நாம் கூப்பிடும் சொல். அதற்கப்புறம் நான்கு மாசம் பேச்சு இல்லை. டிசர்ட்டேஷன் டூலை, அதாவது ஆய்வுக்கான கேள்வித்தாளை, நிபுணர்களிடம் கொடுத்துச் சரிபார்த்து வேலிடிட்டி வாங்க மதுரைக்குப் போனேன். திரும்பும் வழியில் திண்டுக்கல்லில் இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டு வாசலில் நின்றேன். குழந்தைக்கு அப்போது ஒன்றரை மாசம். கதவைத் திறந்தவள் ஒன்றும் பேசாமல் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் காப்பியோடு வந்து, “வர முடியலேன்னா வர முடியலேன்னு சொல்ல வேண்டியதுதான? நானும் லெசன் பிளான் எழுதினவதான? பொய் சொன்ன பாரு, அதாண்டி” என்றாள்.

அன்றைக்கு மாற்றிக்கொண்டேன். ‘பார்க்கலாம்’, ‘கண்டிப்பா ட்ரை பண்றேன்’ இரண்டும் என் வாயில் வராது. வருவேன் என்றால் வருவேன். வர முடியாது என்றால் அன்றைக்கே சொல்லி, எப்போது வருவேன் என்று ஒரு தேதியும் சொல்வேன். கல்யாணத்துக்கு வர முடியாதவள் இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பந்தியில் ஐந்நூறு பேரோடு முகம் காட்டியதைவிட அதுதான் நினைவில் நிற்கிறது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு முதல் வருஷம் போகவில்லை. ஆச்சிக்கு மட்டும் ஒரு மாசம் முன்னாடியே சொல்லிவிட்டேன். திட்டினார், ஆனால் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

எங்கள் பேட்சில் மூத்தவர் ஓர் அக்கா, மூன்று வயசுப் பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால். அந்த அரை மணி நேரம் பிரின்சிபாலே கூப்பிட்டாலும் அக்கா எழுந்திருக்க மாட்டார். கைடு மேடத்திடமே முதல் நாள் சொல்லிவிட்டார், “எட்டுலேர்ந்து எட்டரை வரைக்கும் என்னால போன் எடுக்க முடியாது மேடம்” என்று. மேடம் ஒன்றும் சொல்லவில்லை. பையன் அவன் பிளாஸ்டிக் ஜே.சி.பி-யைக் கேமராவுக்கு நேரே நீட்டிக்கொண்டே இருப்பான், திரையில் மஞ்சள் நிறம் தவிர ஒன்றும் தெரியாது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்துத்தான் நானும் ஞாயிறு சாயங்காலம் துணி துவைக்கும் நேரத்தை போனுக்கு ஒதுக்கினேன். காதில் ஹெட்செட், கையில் சோப்பு. ஒரு வாரம் அம்மாவும் ஆச்சியும், அடுத்த வாரம் சிநேகிதிகள். மற்ற நாளில் யாராவது கூப்பிட்டால் “ஞாயித்துக்கிழமை பேசறேன்” என்று மட்டும் போடுவேன். முதல் மாசம் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களே, “நீ துணி துவைக்கிற நேரம்தான?” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வெளியே போவதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கோவையில் தெருவுக்கு ஒரு பேக்கரி. வார்டு முடிந்து வரும்போது ஒரு டீ, ஒரு முட்டை பப்ஸ், இருபது நிமிஷம் மேடங்களைப் பற்றிப் புறணி. அதிலேயே பாதிப் பாரம் இறங்கிவிடும். பழைய வார்டு குரூப்பை மட்டும் மியூட்டில் போட்டேன், அந்த விஷயத்தில் சீனியர் அக்கா சொன்னது சரிதான். அங்கே யாருக்கு எந்த ஷிப்ட் என்ற சண்டை இனி உங்களுடையது இல்லை.

இரண்டாம் வருஷத்தில் டேட்டா கலெக்‌ஷன் மாசம் ஒன்று வரும். ‘எ ஸ்டடி டு அசெஸ் த எஃபெக்டிவ்னஸ் ஆஃப்’ என்று தொடங்கும் தலைப்பு உங்களுக்கும் கிடைத்தே தீரும். பாடம் சொல்வதற்கு முன்னால் பிரீ டெஸ்ட் எடுத்த அம்மா, சொன்ன பிறகு எடுக்கும் போஸ்ட் டெஸ்டுக்குள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுவார். ஆய்வுக்கு 60 பேர் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த ஒரு மாசம் மட்டும் யாருக்கும் எதுவும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கல்லூரி தொடங்கியதும் மாஸ்டர் ரொட்டேஷன் பிளான் ஒட்டுவார்கள். எந்த வாரம் எந்த வார்டு, எப்போது பரீட்சை, எப்போது லீவு, எல்லாம் அதில் இருக்கும். அதை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். நான் இதைச் செய்தது இரண்டாம் வருஷத்தில்தான், முதல் வருஷமே செய்திருக்க வேண்டும். அம்மா அதை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக பிரிண்ட் போட்டு, அடுப்படியில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அடுத்த முறை பெரியம்மா வீட்டில் பத்திரிகை வைக்க வந்தபோது நான் போனில்தான் இருந்தேன். அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இந்தத் தேதி அவளுக்கு என்.ஐ.சி.யூ, பச்சக் குழந்தைங்க ஐ.சி.யூ, வர மாட்டா. அதுக்கடுத்த வாரம் நாலு நாள் லீவு, அப்ப மாப்பிள்ளையையும் பொண்ணையும் விருந்துக்கு இங்க அனுப்புங்க” என்று சொன்னது எனக்குக் கேட்டது.