மித்தி ஆற்றங்கரையில் டப்பா ஒளிக்கலாமா?

கேள்வி: தாராவியில் வசிக்கிறோம். மே விடுமுறையில் பிள்ளைகளோடு மாஹிம் இயற்கைப் பூங்காவில் ஒரு ஜியோகேச்சிங் (ஒளித்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியால் தேடும் விளையாட்டு) டப்பா ஒளித்துவைத்து, யார் வேண்டுமானாலும் தேடும்படி இணையத்தில் பதிய ஆசை. செல்போன் ஜிபிஎஸ் போதுமா? எங்கே வைப்பது?

பதில்: செல்போன் தாராளமாகப் போதும். இடம்தான் பெரிய கேள்வி. மும்பையில் கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பாவைப் பார்த்தால் ஜனங்கள் போலீசைத்தான் அழைப்பார்கள், அழைக்கவும் வேண்டும். எனவே பூங்கா அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக எடுத்து, இது என்ன விளையாட்டு என்று மராத்தியிலும் எழுதி ஒட்டுங்கள். நிலத்துக்கு உரியவரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் தோண்டிப் புதைக்க இந்த விளையாட்டின் விதிகள் இடம் தருவதில்லை. ஆற்றோர அலையாத்தி மரங்களின் பக்கம் போகவே வேண்டாம். அவை சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. கடல் ஏற்றத்தில் மித்தியிலும் நீர் ஏறும், சேறு ஆளை இழுக்கும்.

நான் சொல்வது இரண்டு கட்டத் தேடல். முதல் கட்டம் காலா கிலா. தாராவிப் பிள்ளைகளுக்கு அது பஸ் டிப்போவின் பெயர். பெயருக்குக் காரணமான கோட்டையை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்? அன்றைய பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737இல் கட்டியதாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. அந்த ஆண்டின் இலக்கங்களைக் கூட்டினால் 18. பூங்கா டப்பாவின் அட்சரேகை எண்ணில் இரண்டு இலக்கங்களை மறைத்துவிட்டு, விடையை அந்தக் கல்லில் தேடச் சொல்லுங்கள். கோட்டையில் எதையும் வைக்கத் தேவையில்லை, படித்தால் போதும். இன்று மரம் அடர்ந்த அந்த 37 ஏக்கர் பூங்கா ஒருகாலத்தில் நகரத்தின் குப்பைமேடு, 1994இல் திறக்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள்.

மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறும். வெவ்வேறு நேரங்களில் அளந்து சராசரி எடுங்கள். அட்சரேகையில் கலையின் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) மூன்றாம் தசம இலக்கம் ஒன்று பிசகினால் இரண்டு மீட்டருக்குள்தான் விலகும். முதல் தசம இலக்கம் பிசகினால் ஏறக்குறைய 185 மீட்டர், தேடுபவர் ஆற்றுக்குள் நிற்க நேரும்! அக்கம்பக்கத்தில் வேறு டப்பா பதிவாகியிருந்தால் 161 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் தாளுடன் பென்சில் வையுங்கள். ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும். தின்பண்டம் கூடாது, எறும்பும் எலியும் வரும். ஜூன் மழை தொடங்கியதும் திறந்து பாருங்கள். பராமரிக்க ஆள் இல்லையென்றால் டப்பாவை எடுத்துவிட்டுப் பதிவையும் மூடிவிடுங்கள்.