இருவாச்சியை ஆராய ஆசை, பிழைக்க வழி உண்டா?

கேள்வி: திருநெல்வேலியில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாபநாசம் மலையில் இருவாச்சிப் பறவையைப் பார்த்ததிலிருந்து காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் ஆராய வேண்டும் என்று ஆசை. வீட்டில் "பி.எட். முடி, பள்ளிக்கூட வேலைக்குப் போ" என்கிறார்கள். எங்கே படிக்க வேண்டும், எத்தனை ஆண்டு ஆகும், சம்பளம் வருமா? பெண் பிள்ளை காட்டில் தங்கி வேலை பார்க்க முடியுமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி என்பதால் காலத்தையும் காசையும் முதலில் பார்த்துவிடலாம். இப்போது உங்களுக்கு 21 வயது என்று வைத்துக்கொள்வோம். எம்.எஸ்சி. 2 ஆண்டு. அதன்பின் ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் ஓர் ஆண்டாவது வேலை. பிஎச்.டி. 5 முதல் 6 ஆண்டு. ஆக, பெயருக்கு முன்னால் 'முனைவர்' ஏறும்போது 30 வயது. பிறகு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பின் தற்காலிக ஆய்வுப் பணி, 2 முதல் 4 ஆண்டு. நிரந்தர வேலை 33, 34 வயதுக்குமுன் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தக் கணக்கை மறைக்காமல் வீட்டில் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் தெரியவந்தால்தான் சண்டை வரும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் சோறு போடுவது ஃபெல்லோஷிப் எனும் ஆய்வு உதவித்தொகை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நடத்தும் தேசிய அளவிலான 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால், 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள கணக்குப்படி, முதல் 2 ஆண்டு மாதம் ரூ. 37,000, அதன்பின் ரூ. 42,000. வீட்டு வாடகைப்படி தனி. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களுக்கு நீண்டகாலமாகக் கிடைத்துவருவது மாதம் ரூ. 8,000தான். காட்டுக்குப் போகும் ஜீப் வாடகைக்கே அது காணாது. ஆகவே எம்.எஸ்சி. படிக்கும்போதே நெட்டுக்குத் தயாராகுங்கள். உயிர் அறிவியல் தாளுக்கு 200 மதிப்பெண். 'சி' பகுதியில் 75 கேள்வி கொடுத்து 25க்கு விடை கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அந்தத் தெரிவுச் சுதந்திரம்தான் சூழலியல்காரர்களுக்குப் பிடிமானம். சூழலியல், பரிணாமம், விலங்கு நடத்தை, ஆய்வு முறைகள் ஆகிய அலகுகளை ஆழமாகப் படித்து, மூலக்கூறு உயிரியலில் அடிப்படையை மட்டும் பிடித்துக்கொண்டு தேறியவர்கள் உண்டு. தவறான விடைக்குக் கால் பங்கு கழியும் என்பதால் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டாம். 'கேட்' (GATE) தேர்விலும் சூழலியலுக்கும் பரிணாமத்துக்கும் தனித் தாள் உண்டு, அதையும் எழுதி வையுங்கள்.

எம்.எஸ்சி.க்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலை உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் எம்.எஸ்சி. உண்டு. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வனவிலங்கு எம்.எஸ்சி.யும், டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் 1988 முதல் நடக்கும் எம்.எஸ்சி.யும் நுழைவதற்குக் கடினமானவை. பெங்களூருப் படிப்புக்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். உங்கள் ஆண்டு அந்த ஆண்டாக இல்லையென்றால் சோர வேண்டாம், இடையில் செய்ய வேலை இருக்கிறது.

அந்த இடைவேலையை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். எம்.எஸ்சி.க்கு முன்னோ பின்னோ ஓர் ஆண்டு யாருடைய ஆய்விலாவது கள உதவியாளராக இருங்கள். காட்டில் ஒரு வாரம் சுற்றுவது வேறு, அட்டைக்கடியோடு தொடர்ந்து நாற்பது நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரே பாதையில் நடந்து, ஒன்றையும் காணாமல் திரும்பி, அந்தப் பூஜ்யத்தையும் தாளில் ஒழுங்காகக் குறிப்பது வேறு. பூஜ்யத்தைக் குறிக்கச் சலிக்கிறவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் அதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுகொள்வது மலிவு.

அடுத்தது கைடு, அதாவது பிஎச்.டி. ஆய்வு வழிகாட்டி. நிறுவனத்தின் பெயரைவிட கைடு முக்கியம். அவருடைய பழைய மாணவர்கள் மூன்று பேரிடமாவது தொலைபேசியில் பேசுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தீர்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, களத்துக்கு அவர் எத்தனை முறை வந்தார், பணம் தீர்ந்தபோது என்ன செய்தார் என்று கேளுங்கள். கைடுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் "எனக்குச் சிறுவயது முதல் விலங்குகள் என்றால் உயிர்" என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதையே எழுதுகிறார்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விடுபட்டிருக்கும் ஒரு கேள்வியைப் பத்து வரியில் எழுதுங்கள்.

கேள்வி என்றதும் நினைவுக்கு வருகிறது. "இருவாச்சியை ஆராய வேண்டும்" என்பது ஆசை, ஆய்வுக் கேள்வி அல்ல. "வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் எந்த மரப்பொந்துகளில் இருவாச்சி கூடு வைக்கிறது, எவற்றை ஒதுக்குகிறது, ஏன்?" என்பது கேள்வி. பறவையும் பாலூட்டியும் சேர்ந்து வேண்டும் என்றால் அதற்கும் கேள்வி இருக்கிறது. ஒரே அத்திமரத்துக்குப் பகலில் இருவாச்சியும் சிங்கவால் குரங்கும் வரும், இரவில் மரநாய் வரும். யார் விதையை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்கள் என்பதை வைத்தே ஓர் ஆய்வேடு எழுதலாம்.

இனி அனுமதி. முதல்முறை இறங்குபவர்களில் பலர் ஓர் ஆண்டை இழப்பது இங்கேதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், தேசியப் பூங்காவுக்கும் அதுவே பொருந்தும். பிடித்து வளையம் மாட்டுவது, ரேடியோ காலர் போடுவது, மாதிரி எடுப்பது என்றால் 12ஆம் பிரிவு. அதற்கு இன்னும் கூடுதலாகக் கையெழுத்துகள் வேண்டும். விண்ணப்பத்தில் இடம், மாதங்கள், கூட வரும் ஆட்களின் பெயர், கேமராக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். பிறகு மாவட்ட வன அலுவலகத்துக்கும் ரேஞ்சருக்கும் நகலோடு நேரில் போய்ப் பேசுங்கள். ஆறு மாதம் ஒதுக்குங்கள். பெரும் இருவாச்சிப் பெட்டை ஆண்டுத் தொடக்கத்தில் பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். கோடை முடிவதற்குள் குஞ்சும் வெளியே வந்துவிடும். ஏப்ரலில் அனுமதி வந்தால் அடைக்கப்பட்ட பொந்துகளை எண்ணலாம், அவ்வளவுதான். அந்த ஆண்டு போயிற்று. அதனால் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்குக் கூட்டை நம்பாதீர்கள். தேயிலை, காப்பித் தோட்டங்களில் செய்யக்கூடிய ஒரு வேலையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட மேலாளரின் எழுத்துமூல அனுமதி அங்கே பெரும்பாலும் சீக்கிரம் கிடைத்துவிடும்.

ஆய்வு வடிவமைப்பில் அடிக்கடி காணும் பிழை ஒன்று. ஒரு காட்டுத் துண்டில் பத்து இடத்தில் நின்று பறவை எண்ணிவிட்டு, "பத்து மாதிரி (சாம்பிள்)" என்று எழுதுவார்கள். கேள்வி காட்டுத் துண்டுகளைப் பற்றியது என்றால் அது ஒரேயொரு சாம்பிள்தான், பத்துத் துண்டுகளுக்குப் போயாக வேண்டும். நான்காண்டு உழைப்பு இந்த ஒரு காரணத்தால் நல்ல ஆய்விதழில் திரும்பி வரும். களத்தில் இறங்குமுன் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் வடிவமைப்பைக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, கண்ணில் படுவதும் இருப்பதும் ஒன்றல்ல. காப்பித் தோட்டத்தில் 60 மீட்டர் தள்ளியிருக்கும் பறவை தெரியும். மழைக்காட்டில் 20 மீட்டருக்கு அப்பால் இலைதான். வெறும் எண்ணிக்கையை ஒப்பிட்டால் காப்பித் தோட்டத்தில்தான் பறவை அதிகம் என்று வரும். அதனால் ஒவ்வொரு பறவைக்கும் தூரத்தை லேசர் தூரமானியால் அளந்து குறிக்க வேண்டும். ஓரிடத்தில் நின்று எண்ணும் புள்ளிக் கணக்கெடுப்பென்றால் புள்ளிகளுக்கிடையே 200 முதல் 250 மீட்டர் இடைவெளி, ஒரு புள்ளியில் 5 அல்லது 10 நிமிடம், காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். மழையிலும் காற்றிலும் எடுக்க வேண்டாம். சில்வண்டு இரைச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் சிறு குருவிகளின் குரல் காதில் விழாது, அதையும் தாளில் குறியுங்கள்.

கடமான், காட்டெருமை போன்றவற்றுக்கு நேர்கோட்டு டிரான்செக்ட், அதாவது குறித்த கோட்டில் நடந்து எண்ணுவது. கூட்டத்தின் நடுப்புள்ளிக்குத் தூரத்தையும் திசைமானியில் கோணத்தையும் எடுக்க வேண்டும். அடர்த்தியைக் கணக்கிட ஓர் இனத்துக்கு 60 பார்வையாவது இருந்தால் நிம்மதி, 40க்குக் கீழே போனால் விடை ஆட்டம் காணும். நான்கு கிலோமீட்டருக்கு ஒரு கடமான் தென்படுகிறது என்று வைத்துக்கொண்டால் 60க்கு 240 கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதாவது 2 கிலோமீட்டர் கோடு பத்து, ஒவ்வொன்றிலும் 12 நடை. எத்தனை மாதத் தங்கல், எத்தனை ஆள் கூலி என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வரும். வசதியாக இருக்கிறதே என்று ஜீப் பாதையிலேயே நடக்காதீர்கள். சில விலங்குகள் பாதையை நாடும், சில ஒதுங்கும், இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். தூரத்தைக் கண்ணால் ஊகித்து 10, 20, 50 என்று முழு எண்ணாக எழுதுவதும் அப்படித்தான்.

விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் கேமரா டிராப்பைத் தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். சூரியன் எழும் திசையையும் விழும் திசையையும் பார்த்து வைக்க வேண்டாம். முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால் காற்றில் ஆடும் இலையின் ஆயிரம் படங்கள்தான் கிடைக்கும். புலி, சிறுத்தையை உடலிலுள்ள வரி, புள்ளிகளால் அடையாளம் காண இரு பக்கமும் கேமரா வேண்டும். ஒன்றுக்கு 8 பென்டார்ச் பேட்டரி என்றால் 30 கேமராவுக்கு 240. பேட்டரி மாற்றும்போது சில மாடல்களில் தேதி பழைய கணக்குக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் இட எண், தேதி, நேரம் எழுதிய பலகையை முதல் படமாக எடுத்துக்கொண்டால் பின்னால் திருத்த முடியும், இல்லாவிட்டால் மரநாய் நண்பகலில் திரிந்ததாகக் கட்டுரை எழுத நேரும்.

தாளில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரையும். அன்றன்று இரவே கணினியில் ஏற்றி மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். தரவை அலச 'ஆர்' (R) எனும் கணினி மொழியை இந்த ஆண்டே தொடங்கலாம், செலவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் பயிற்சியும் அப்படித்தான். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிடும் ஆய்விதழ்களின் பக்கம் போகாதீர்கள். வேலைத் தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அவற்றின் பெயர்கள் தெரியும்.

வேலை எங்கே என்றால், கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியிடங்கள், இந்திய வனவிலங்கு நிறுவனம், இப்போது அதன் தென்னிந்திய மையமாகிவிட்ட கோவை ஆனைகட்டி சலீம் அலி மையம், இந்திய விலங்கியல் ஆய்வகம், மைசூரு நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், பெங்களூரு ஏட்ரீ போன்ற அமைப்புகள். பின்னவற்றில் சம்பளம் பெரும்பாலும் திட்ட நிதியைப் பொறுத்தது. ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வு எழுதினாலும் காட்டில் வேலை செய்யலாமே என்பார்கள். செய்யலாம், ஆனால் அது நிர்வாக வேலை. விலங்கியல் படித்தால் வேலை இல்லை என்று வீட்டில் சொன்னால் உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்லுங்கள். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தவர். 1976-78இல் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார், பிறகு டேராடூன் நிறுவனத்தில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார்.

பெண் காட்டில் தங்கலாமா என்றால், இன்று இந்தத் துறையில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் சேருமுன் வெளிப்படையாகக் கேளுங்கள். முகாமில் கழிப்பறை உண்டா, தாழ்ப்பாள் உள்ளே போடலாமா, அருகில் எங்கே போன் சிக்னல் கிடைக்கும், அவசரத்துக்கு வண்டி உண்டா, கூட இன்னொரு பெண் இருக்கிறாரா? பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி கள முகாமும் பணியிடம்தான். நிறுவனத்தின் உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் கைடு உங்களுக்கு வேண்டாம். காட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஆபத்து புலி அல்ல, யானை. தனியே நடக்காதீர்கள், காதில் எதையும் மாட்டாதீர்கள், மூடுபனி விலகும்வரை காத்திருங்கள். வழிகாட்டக் கூட வரும் காடர் அல்லது காணிக்காரர் பழங்குடியினர் "திரும்பலாம்" என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள், கேள்வியை முகாமில் கேட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குக் கூலி மாதம் தவறாமல் போக வேண்டும், கண்டுபிடிப்பு அவர்களுடையதாக இருந்தால் கட்டுரையில் பெயரும் இருக்க வேண்டும். களத்திலிருந்து வந்தபின் காய்ச்சல் என்றால் காட்டில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லி, உண்ணிக்காய்ச்சலுக்கான சோதனையைக் கேட்டு எடுங்கள்.

இப்போதைக்கு உங்கள் கைக்கெட்டும் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அதே மாதம் பொங்கலையொட்டி நான்கு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. பறவைப் பட்டியல்களைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் இணையதளத்தில் கணக்கு தொடங்கி, கல்லூரி வளாகத்திலேயே தினம் 15 நிமிடம் எண்ணிப் பட்டியல் ஏற்றுங்கள். காகத்தையும் மைனாவையும் விடாமல் எண்ணுங்கள். ஆறு மாதத் தொடர் பட்டியல் கையில் இருந்தால் கள உதவியாளர் நேர்முகத்தில் சான்றிதழைக் கேட்குமுன் அதைக் கேட்பார்கள்.