8 டிகிரியில் நைட்ரேட் இறங்கவில்லையா? பொடியை நிறுத்துங்கள்

உங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் 8 டிகிரி, குளிர் தாங்கும் பாக்டீரியா பொடி மூன்று வாரம் போட்டும் நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் அளவு) 25 மி.கி./லி.யிலேயே நிற்கிறது என்கிறீர்கள். பொடி வீண்செலவு. முதலில் காற்றில்லாத் தொட்டியில் (காற்று ஊதாமல், பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் தொட்டி) கரைந்த ஆக்சிஜனை அளந்து பாருங்கள். 0.5 மி.கி./லி.க்கு மேல் இருந்தால் பாக்டீரியா நைட்ரேட்டை விட்டுவிட்டு ஆக்சிஜனைத்தான் எடுக்கும். குளிர்ந்த நீர் அதை அதிகம் பிடித்துவைக்கும்: 25 டிகிரியில் 8.3 மி.கி./லி. வரை, 8 டிகிரியில் கிட்டத்தட்ட 12. காற்றூட்டத் தொட்டியிலிருந்து திருப்பி அனுப்பும் உள்சுழற்சி நீரோடு அந்த ஆக்சிஜன் வந்துவிடுகிறது; எனவே அந்தத் தொட்டியின் கடைசிப் பகுதியில் காற்றைக் குறையுங்கள், அம்மோனியா ஏறாத அளவுக்கு.

அடுத்தது கார்பன், அதாவது பாக்டீரியாவுக்கு நாம் போடும் உணவு. மெத்தனாலைத் தின்னும் இனங்கள் குளிரில் மெதுவாகத்தான் பெருகும்; அசிட்டிக் அமிலம் மேல். 1 கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 5 கிராம். உங்கள் நிலையத்துக்கு நாளுக்கு வரும் 50 கன மீட்டர் நீரில் 15 மி.கி./லி. குறைக்க நாளுக்கு 3.75 கிலோ. நைட்ரைட் (நைட்ரேட் பாதி வழியில் மாறி நிற்கும் நிலை) ஏறினால் பெரும்பாலும் கார்பன் போதவில்லை என்று அர்த்தம். குளிரில் மெதுவாகப் பெருகும் பாக்டீரியா வெளியே போய்விடாமலிருக்க, அவை வாழும் கசடின் வெளியேற்றத்தையும் பாதியாக்குங்கள்.