பேரன் சொன்னது பொய்யில்லை, ரீச்சர்

அன்பின் தம்பிக்கு,

யாழ்ப்பாணத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு இப்போது ஸ்காபரோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். வாரத்தில் ஒரு நாள் தன்னைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் ஹொக்கி விளையாடப் போகிறான். இரவு பதினொரு மணிக்குத்தான் அவர்களுக்கு ஐஸ் கிடைக்குமாம். வீட்டுக்கு வர ஒரு மணி தாண்டிவிடும். அதுவரை நானும் முழித்திருப்பேன்.

"படிக்கிற இடத்தில் இதுக்கெல்லாம் ஏன் மைதானம்?" என்று கேட்டேன். "அம்மம்மா, எங்கட யூனிவர்சிற்றி ரீம் ஒலிம்பிக்கில தங்கம் எடுத்தது தெரியுமா?" என்றான். என்னைச் சமாளிக்கச் சொல்கிறானா? ஒலிம்பிக்குக்கு நாடுகள்தானே போகும், பல்கலைக்கழகம் எப்படிப் போகும்? ரீவியில் பார்த்தால் இடித்து விழுத்துவதுதான் எனக்குத் தெரிகிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டா இது? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள ரீச்சர்,

பேரன் உங்களைச் சமாளிக்கவில்லை. 1928இல் சுவிற்சர்லாந்தின் சென் மொறிற்ஸில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், கனடாவுக்காக ஐஸ் ஹொக்கித் தங்கம் எடுத்தது ரொறன்ரோ பல்கலைக்கழகத்துப் பையன்கள்தான். ஒரேயொரு திருத்தம். போனது அப்போது வகுப்பில் இருந்த மாணவர்களின் அணி இல்லை. படித்து வெளியே போன பழைய மாணவர்களை வைத்துக் கட்டிய அணி. 'வார்சிற்றி கிராட்ஸ்' என்று பெயர். வார்சிற்றி என்பது யூனிவர்சிற்றியின் பழைய செல்லச் சுருக்கம். பல்கலைக்கழக அணிகளுக்கு இன்றைக்கும் 'வார்சிற்றி புளூஸ்' என்றுதான் பெயர்.

பல்கலைக்கழகம் எப்படி ஒலிம்பிக் போகும் என்று சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் கனடா நாடு முழுவதும் ஆள் பொறுக்கித் தேசிய அணி அமைக்கவில்லை. பணம் வாங்காமல் விளையாடும் கழகங்களுக்கு 'அலன் கோப்பை' என்று ஒரு போட்டி. அதில் வென்ற கழகம் அப்படியே நாட்டின் பெயரில் கப்பல் ஏறிவிடும்.

அந்தக் கப்பல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு 1920இலேயே கிடைத்திருக்க வேண்டும். அந்த வருடம் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். எதிரே வின்னிபெக் ஃபால்கன்ஸ். அவர்கள் யாரென்று கேட்டால் உங்களுக்குப் பிடித்துவிடும். பெரும்பாலானோர் ஐஸ்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். ஊரிலிருந்த பெரிய சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கியதால் தாங்களே அணி கட்டி ஆடியவர்கள். அவர்கள் ரொறன்ரோவுக்கு வந்து பல்கலைக்கழகப் பையன்களைத் தோற்கடித்துவிட்டு, நேரே பெல்ஜியத்தின் அன்வேர்ப்புக்குப் போய் ஒலிம்பிக் ஹொக்கியின் முதல் தங்கத்தை எடுத்தார்கள். நான் வார்சிற்றியின் பக்கம் நிற்பவன்தான். ஆனால் அந்த ஒரு தோல்விக்காக எனக்குக் கவலை வந்ததே இல்லை.

அடுத்த வருடமே, 1921இல், பல்கலைக்கழகம் அலன் கோப்பையை வென்றது. ஆனால் அது ஒலிம்பிக் இல்லாத காலம். 1924இல் ரொறன்ரோ கிறனைற்ஸ் என்ற வேறொரு கழகம் போய், ஐந்து ஆட்டங்களில் 110 கோல் போட்டு, 3 மட்டும் வாங்கிக்கொண்டு தங்கத்தோடு திரும்பியது. 1927இல் கோப்பை மறுபடி பல்கலைக்கழகத்துக்கு வந்தது, இந்த முறை பழைய மாணவர்களின் கையில். அவர்களுக்குத்தான் கப்பல் கிடைத்தது.

சென் மொறிற்ஸில் ஆட்டம் திறந்த வெளியில். மேலே கூரை இல்லை, சுற்றிலும் மலை. 1924இல் நடந்ததை யாரும் மறக்கவில்லை. கனடாவைச் சாதாரணக் குழுவில் போட்டால் மற்ற நாடுகளுக்கு விளையாட்டே இருக்காது என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்தார்கள். ஆகவே மற்றப் பத்து நாடுகளும் மூன்று குழுக்களாக மோதி, வென்ற மூன்று பேர் வந்த பிறகு, கனடா இறுதிச் சுற்றில் நேரடியாக இறங்கியது. மூன்றே ஆட்டம். சுவீடனுக்கு எதிராக 11–0, பிரித்தானியாவுக்கு எதிராக 14–0, சுவிற்சர்லாந்துக்கு எதிராக 13–0. நீங்கள் கணக்கு ரீச்சர், கூட்டிப் பாருங்கள்: 38க்கு பூச்சியம். டேவ் ட்ரொட்டியே 12 கோல், ஹியூ பிளாக்ஸ்ரன் 12 கோல். கோல் காப்பாளராக இரண்டு ஆட்டம் ஜோசப் சலிவனும் ஒரு ஆட்டம் நோர்பேர்ட் மியூலரும் நின்றார்கள். இருவரையும் தாண்டி ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டா என்று கேட்டீர்களே, அதற்கு இந்த சலிவனைத்தான் காட்டுவேன். அவர் மருத்துவம் படித்தவர். ஒலிம்பிக் தங்கத்தோடு ஊர் திரும்பியவர் காது, மூக்கு, தொண்டைச் சத்திரசிகிச்சை நிபுணராக நல்ல பெயர் எடுத்தார். 1957இல் கனடாவின் செனற் சபைக்கு நியமிக்கப்பட்டார். பன்னிரண்டு கோல் போட்ட பிளாக்ஸ்ரன் சட்டத்தரணியாகி, 1935இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். ட்ரொட்டியே மட்டும் ஹொக்கியையே தொழிலாக்கி, மொன்றியல் மறூன்ஸ் அணியில் 1935இல், தொழில்முறை ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்ரான்லி கோப்பையை வென்றார். விளையாட்டும் படிப்பும் ஒன்றின் வயிற்றில் மற்றது அடிக்கும் என்ற பயம் நம்முடைய வீடுகளில் பெரிது. என் அப்பாவுக்கும் இருந்தது. நான் கிரிக்கெட் மட்டையை வீட்டுக்கு வெளியே ஒளித்து வைத்து வளர்ந்தவன். அதனால்தான் இந்த மனிதர்களின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த அணியைக் கட்டிய மனிதர் கொன் ஸ்மைத். ஆனால் அவர் சென் மொறிற்ஸ் போகவில்லை. யார் யாரைக் கூட்டிப் போவது என்பதில் தகராறு வந்தது. தான் வாக்குக் கொடுத்தவர்களுக்கு இடம் இல்லையென்றால் நானும் வரவில்லை என்று நின்றுவிட்டார். தன் கையால் வளர்த்த அணி கடல் கடந்து தங்கம் எடுக்கும்போது அவர் இங்கே இருந்தார். பிடிவாதக்காரர்தான். ஆனால் சொன்ன சொல்லுக்காக ஒலிம்பிக்கையே விட்டவர் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

ஸ்மைத்தும் இதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்தான். 1915இல் பல்கலைக்கழகத்தின் இளையோர் அணிக்குத் தலைவராக நின்று ஒன்ராறியோ மாகாணப் பட்டம் வென்றார். வென்ற சூடு ஆறுமுன் அணியே பட்டாளத்தில் சேர்ந்தது. முதலாம் உலகப் போர். ஸ்மைத் விமானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜேர்மனியரிடம் கைதியாக இருந்து, உயிரோடு திரும்பி, விட்ட படிப்பை 1920இல் முடித்தார். 1927இல் ரொறன்ரோவின் தொழில்முறை அணியை வாங்கி 'மேப்பிள் லீவ்ஸ்' என்று பெயர் மாற்றியவரும் அவரே. உங்கள் தெருவில் கார்களில் பறக்கும் நீலக் கொடியைப் பார்த்திருப்பீர்களே, அது. பேரனின் பல்கலைக்கழகம், மாணவர்கள் கூடும் கட்டடமான ஹார்ட் ஹவுஸ் பக்கத்தில் ஒரு கோபுரம் வைத்திருக்கிறது, போரில் இறந்த மாணவர்களுக்காக. அந்தக் கல்லில் வெட்டிய பெயர்களை ஒரு தடவை நின்று வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பயிற்சியாளரின் பெயர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நீங்கள் கனடாவில் வந்து இறங்கிய விமான நிலையத்தின் பெயர் அது. லெஸ்ரர் பியர்சன் 1920களில் இங்கே வரலாறு படிப்பித்தார். பாடம் நடத்திக்கொண்டே பல்கலைக்கழக ஹொக்கி அணிக்கும் பயிற்சி கொடுத்தார். அதற்கு முன் ஒக்ஸ்போர்ட்டில் படித்தபோது அங்கத்தைய ஹொக்கி அணியில் ஆடியவர். 1928இல் வெளியுறவுத் துறைக்குப் போனார். 1957இல் நோபல் சமாதானப் பரிசு, 1963இல் பிரதமர். ஆளின் நிறத்தையும் பிறந்த நாட்டையும் பார்க்காமல் புள்ளி போட்டுக் குடிவரவு கொடுக்கும் முறை 1967இல் வந்ததும் அவருடைய ஆட்சியில்தான். அதன் பலன் நம் ஆட்கள் பலருக்கும் கிடைத்திருக்கிறது. மாலையில் மாணவர்களோடு ஐஸ் ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்த ஒரு வாத்தியார்!

இதெல்லாம் நூறு வருடப் பழங்கதை என்று பேரன் சொன்னால், 1965க்குப் பிறகு வந்த காலத்தைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் அந்த அணியின் உண்மையான பொற்காலம் அதுதான். தொம் வற் என்ற முன்னாள் மாணவர், தானும் புளூஸில் ஆடியவர், பயிற்சியாளரானார். கனடாவின் பல்கலைக்கழகங்களுக்கான தேசியக் கோப்பை அப்போதுதான், 1963இல், தொடங்கியிருந்தது. 1966, 1967இல் வென்றார்கள். 1968இல் தவறியது. பிறகு 1969 முதல் 1973 வரை தொடர்ந்து ஐந்து வருடம். 1976, 1977 மறுபடி. மொத்தம் ஒன்பது.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கோப்பைகளின் எண்ணிக்கை இல்லை. பல்கலைக்கழக அணியில் எந்தப் பையனும் நான்கைந்து வருடத்துக்கு மேல் இருப்பதில்லை. பட்டம் வாங்கிப் போய்விடுவான். நீங்கள் முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவர், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெட்டிக்கார வகுப்பு ஒன்று போனால் அடுத்த ஜனவரியில் புது முகங்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1966இல் கோப்பை தூக்கியவர்களில் ஒருவர்கூட 1977இல் இல்லை. ஆனால் அணி அதே அணி. அதைச் செய்த வற்றை நான் முதலில் வாத்தியார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தொழில்முறை அணிகளுக்குப் போனார், 1982இல் வின்னிபெக் ஜெற்ஸில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார்.

பத்தாவது கோப்பை 1984இல் மைக் கீனன் காலத்தில் வந்தது. அவர் அந்த ஒரு பருவத்தோடு பிலடெல்பியாவின் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். 1994இல் நியூயோர்க் றேஞ்சர்ஸுக்கு ஸ்ரான்லி கோப்பை வென்று கொடுத்தார். 1984க்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தேசியக் கோப்பை வரவில்லை. காத்திருக்கிறோம்.

சரி, இடிப்பதைப் பற்றி. ஆண்கள் அணியில் உடம்பால் மோதுவது ஆட்டத்தின் ஒரு பகுதி, அதை மறைக்க முடியாது. ஆனால் ரீவியில் நீங்கள் பார்க்கும் கைச்சண்டைக்குப் பல்கலைக்கழக ஆட்டத்தில் இடமில்லை. கையுறையைக் கழற்றிச் சண்டை பிடித்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. பேரன் போவது பொழுதுபோக்குக்காக மாணவர்கள் தங்களுக்குள் ஆடும் ஆட்டம். அதில் பொதுவாக மோதவே விடமாட்டார்கள். எதற்கும் அவனிடம் கேளுங்கள்.

பையன்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். இதே பல்கலைக்கழகத்தில் 1972 வரை ஹார்ட் ஹவுஸின் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. ஆண்கள் அணி வரிசையாகக் கோப்பை தூக்கிய அதே வருடங்கள். சிறுமியாக ஆண் பிள்ளைகளின் அணியில் இடம் கேட்டு நீதிமன்றம் வரை போய் வென்ற ஜஸ்ரின் பிளேனி பிறகு இங்கேதான் படிக்க வந்தார். 1990களில் செலவு என்று சொல்லிப் பெண்கள் ஹொக்கி அணியையே மூடப் பார்த்தபோது முன்னால் நின்று காப்பாற்றினார். அந்த அணி 2001இல் தேசியப் பட்டம் வென்றது. இந்தக் கதைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், பதில் எழுத எனக்கு ஆசை.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். இன்று புளூஸுக்கு ஆடும் பையன்களில் நிறையப் பேர் பதினாறு வயதிலிருந்து இளையோர் லீக்கில் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் ஆடியவர்கள். அந்த லீக்குகளில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு அவர்களுக்குக் கிடைக்கும். தொழில்முறை அணி எடுக்கவில்லை என்றானதும், இருபது இருபத்தொரு வயதில் அந்தப் பணத்தோடு படிக்க வருகிறார்கள். ஆகவே ஆட்டம் மிகத் தரமானது. ஆனால் இருக்கைகள் காலி. சமீபம் வரை இந்த லீக்குகளில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரிகள் சேர்ப்பதில்லை. 2025 முதல் அந்தத் தடையும் போய்விட்டது. நல்ல பையன்கள் இனி எல்லை தாண்டிப் போவார்கள். யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களின் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெருஞ்சமருக்கு மரத்தில் ஏறி நின்று பார்த்த ஊரிலிருந்து வந்த எனக்கு, இவ்வளவு நல்ல ஆட்டத்தை நூற்றுச் சொச்சம் பேர் மட்டும் பார்ப்பது மனதுக்கு ஒப்பவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒக்ரோபர் முதல் பெப்ரவரி வரை வார்சிற்றி அரங்கில் ஆட்டம் இருக்கும். புளோர் வீதியில், மியூசியத்துக்குக் கொஞ்சம் மேற்கே, 1926இல் கட்டிய செங்கல் கட்டடம். சென் ஜோர்ஜ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பேரனையே கூட்டிப் போகச் சொல்லுங்கள். உள்ளே குளிரும், தடித்த காலுறையும் சால்வையும் தேவை. கோலுக்குப் பின்னால் இருக்க வேண்டாம், கண்ணாடியில் பக் (அவர்கள் அடித்து விளையாடும் றப்பர் வட்டு) வந்து அடிக்கிற சத்தத்துக்கு முதல் நாளே பயந்துவிடுவீர்கள். நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரத்தில் இருங்கள். முதல் இருபது நிமிடம் பக் எங்கே போகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது இருபது நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

அன்புடன்.