வாசகர் கேள்வி: உள்ளித்தீயலுக்கு ஒரு ஹேஷ் போதும்

கேள்வி: அண்ணாச்சி, என் மாமியாரின் நோட்டிலிருந்து நூறு சமையல் குறிப்புக்கு மேல் டைப் செய்து வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தெரிவது இன்னொன்றில் கலைந்து கிடக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன், "மார்க்டவுனில் எழுதும்மா" என்கிறான். 58 வயதில் எனக்கு அது வருமா? தமிழுக்குச் சரிப்படுமா?
– வாசகி, தக்கலை

பதில்: கண்டிப்பாக வரும். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மாமியாரின் நோட்டைத் திறந்து பாருங்கள். தலைப்பைத் தனியாக எழுதி, சாமான் ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்னக் கோடு போட்டிருப்பார். மார்க்டவுனும் அதைத்தான் செய்கிறது: வெறும் எழுத்துக்கோப்பில் இப்படிச் சின்னச் சின்னக் குறி போட்டால், மென்பொருள் அதைத் தலைப்பாகவும் பட்டியலாகவும் காட்டும். ஜான் க்ரூபர் என்பவர் 2004-ல் இதை வெளியிட்டார். ஆரோன் ஸ்வார்ட்ஸ் அவருக்குத் துணையாக இருந்தார். மின்னஞ்சலில் மக்கள் தாங்களாகவே போட்டுவந்த குறிகளைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் குறிப்பு இப்படி இருக்கும்:

    # உள்ளித்தீயல்

    ## வேண்டியவை

    - சின்ன உள்ளி 20
    - தேங்காய் அரை மூடி
    - புளி நெல்லிக்காய் அளவு

    ## செய்முறை

    தேங்காயை கருக விடாமல் சிவக்க வறுக்கவும்.

ஒரு ஹேஷ் (#) என்றால் பெரிய தலைப்பு, இரண்டு என்றால் உள்தலைப்பு. ஹேஷுக்குப் பிறகு ஒரு இடம் விட மறக்காதீர்கள். இரண்டிரண்டு ஸ்டாருக்கு (**) நடுவே இருப்பது தடித்த எழுத்து. வாட்ஸ்அப்பில் அதற்கு ஒரு ஸ்டார் போதும். இங்கே ஒரு ஸ்டார் போட்டால் எழுத்து சாயும். சாய்ந்த எழுத்து தமிழுக்கு அழகில்லை என்பது என் எண்ணம், நான் அதைத் தொடுவதே இல்லை.

தமிழுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். நம் சொல்லோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு வரும். 'தேங்காய்க்கு' என்பதில் 'தேங்காய்' மட்டும் தடிக்க வேண்டுமானால் ஸ்டார்தான் சரி. அடிக்கோட்டுக் குறியும் (_) அதே வேலையைச் செய்யும் என்பார்கள், ஆனால் சொல்லுக்கு நடுவில் பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்ளாது. இன்னொன்று: பத்தியைத் தொடங்கும்போது பழக்கத்தில் நான்கைந்து இடம் தள்ளி அடிப்போம். அப்படி அடித்தால் அந்தப் பத்தியைக் கணினி நிரல் என்று நினைத்துப் பெட்டிக்குள் போட்டுவிடும். பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விடுங்கள், அது போதும்.

சேமிக்கும்போது யூனிகோடு, யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. வடசேரியில் டி.டி.பி. வேலை பார்த்த காலத்தில் ஓர் ஊர் நூலகத்துக்கு மலர் அடித்துக் கொடுத்தேன். குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த தெற்கெல்லைப் போராட்டத்தில் இருந்த பெரியவர்கள் நான்கு பேர் வாயால் சொன்னதை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு அடித்தது அது. பல வருஷம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் ஏதேதோ குறிகளும். அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருந்தன. எழுத்துரு போனதும் தமிழும் போய்விட்டது. நால்வரும் இன்று இல்லை. ஓரம் எலி கடித்த ஒரே ஒரு அச்சுப் பிரதியை வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப அடித்தேன், இந்த முறை வெறும் எழுத்துக்கோப்பாக. எலி தின்ற வரிகள் போனது போனதுதான். உங்கள் மாமியாரின் கைப்பக்குவம் அப்படிப் போகக்கூடாது. நோட்டையும் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: என் பாட்டி பாடிய தாலாட்டுகளை மார்க்டவுனில் அடித்தேன். வரி வரியாக அடித்தும் எல்லாம் ஒரே வரியாகச் சேர்ந்துவிடுகிறதே?
– வாசகர், குலசேகரம்

பதில்: வெற்று வரி வரும்வரை எல்லாமே ஒரே பத்தி என்று அது எடுத்துக்கொள்கிறது. வரி முடிவில் இரண்டு இடம் விட்டால் பிரியும். ஆனால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, யாராவது திருத்தும்போது அழிந்துவிடும். வரி முடிவில் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போடுங்கள். 2014-ல் வந்த காமன்மார்க் என்ற மார்க்டவுன் பொது விதிப்படி நடக்கும் மென்பொருள்களில் அது வேலை செய்யும். பாண்டாக் என்ற மென்பொருளிலும் செய்யும். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாட்டி அதை யாருக்குப் பாடினார் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றில் "1956. நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது" என்று அடித்தேன். திரையில் 1956 என்பது 1 ஆகிவிட்டது. பிறகு இதைப் புத்தகமாக்கவும் முடியுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: வரித் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடமும் வந்தால் அதை எண்ணிட்ட பட்டியல் என்று நினைக்கும். சில மென்பொருள்கள் 1956 என்றே காட்டும், சில 1-லிருந்து எண்ணும். புள்ளிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள், அல்லது "1956-ல்" என்று எழுதிவிடுங்கள். தமிழுக்கும் அதுதான் நல்லது. புத்தகத்துக்கு பாண்டாக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் எழுதியது. ஒரே கோப்பிலிருந்து வேர்டு, மின்னூல், பி.டி.எஃப். மூன்றும் எடுக்கலாம். பி.டி.எஃப். எடுக்கும்போது மட்டும் ஸீலாடெக் (XeLaTeX) என்ற பக்கம் அமைக்கும் மென்பொருள் வழியாக எடுத்து, தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தமிழ் இருக்க வேண்டிய இடம் காலியாக வரும்.