86-ல் கல்யாணம் ஆன மகளுக்குத் தோப்பில் பங்கு உண்டா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் மாந்தோப்பு, பாட்டன் காலத்துச் சொத்து. அப்பா உயில் எழுதாமல் 1996-ல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார். எனக்கு 1986-ல் கல்யாணம். இப்போது தோப்பை விற்கப் போகும் அண்ணனும் தம்பியும், “89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குச் சட்டத்துல பங்கில்ல, சீரும் செஞ்சாச்சு, கையெழுத்து மட்டும் போடு” என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பங்கே இல்லாதவரிடம் கையெழுத்து எதற்கு? வாங்குகிறவரின் வக்கீல் வாரிசு சான்றிதழைக் கேட்டிருப்பார், அதில் உங்கள் பெயரும் இருக்கும்.

அண்ணன் சொல்வது பொய் இல்லை, காலாவதியான சட்டம். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது, பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை உள்ளவர்கள் அப்பாவும் மகன்களும்தான். மகளுக்கு, அப்பா இறந்த பிறகு அவர் பாகத்தில் ஒரு துண்டு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களையும் சேர்த்தது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. உங்கள் வீட்டில் இன்னும் அதிலேயே நிற்கிறார்கள். 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியத் திருத்தம், மகளுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா என்று கேட்கவே இல்லை. ‘சரி, அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்தாரா?’ என்று அப்புறமும் கோர்ட்டுகளில் பல வருஷம் இழுத்தது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில், பிறப்பால் வரும் உரிமைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

உங்கள் 300 சென்ட்டில் இது எப்படி மாறுகிறது பாருங்கள். பழைய கணக்கில் அப்பா, இரண்டு மகன்கள் என்று ஆளுக்கு 100 சென்ட். அப்பாவின் நூறை அம்மாவும் மூன்று பிள்ளைகளும் பிரித்தால் உங்களுக்கு 25. இன்றைய கணக்கில் நீங்களும் சேர்ந்து நாலு பேர், ஆளுக்கு 75. அப்பாவின் எழுபத்தைந்தில் நாலில் ஒரு பங்கும் சேர்த்தால் 93.75 சென்ட். சீர் செய்ததைக் காட்டி இதில் எதையும் கழிக்க முடியாது.

பாட்டன் தானே சம்பாதித்து வாங்கி, 1956 சட்டத்துக்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால் கணக்கு வேறு. உங்கள் அப்பாவுக்கு வந்தது அவருடைய தனிச்சொத்து. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சரிசமம், ஆளுக்கு 75. கல்யாணத் தேதிக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் முதலில் மூலப்பத்திரத்தையும் பாட்டன் இறந்த வருஷத்தையும் தேடுங்கள்.

உங்கள் பங்கை நிஜமாகவே கெடுக்கக்கூடியவை: 2005 திருத்தம் கெடுவாக வைத்த 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பத்திரம், அதற்கு முன்பே நடந்த கிரயம், எப்போதாவது நீங்கள் விவரம் தெரியாமல் போட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் (பங்கு வேண்டாம் என்று எழுதித் தருவது). ‘வாயாலேயே பாகம் பிரிச்சிட்டோம்’ என்பதை, அரசு ஆவணங்கள் வலுவாக ஆதரித்தால் தவிர கோர்ட் லேசில் ஏற்காது. பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருப்பதாலேயே தோப்பு அவருடையதாகிவிடாது.

இந்த வாரமே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பழைய வருஷங்களையும் சேர்த்து. அப்புறம் வக்கீல் நோட்டீஸ், முடிந்தால் வாங்கப் போகிறவருக்கும் ஒரு பிரதி. பேச்சு வார்த்தையில் முடியவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கும் இடைக்காலத் தடையும். வழக்கு நடக்கும்போது விற்றாலும் தீர்ப்பு வாங்கியவரைக் கட்டுப்படுத்தும். அண்ணன் தம்பிக்கே விட்டுக்கொடுக்க விருப்பம் என்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் எத்தனை சென்ட், என்ன தொகைக்கு என்று பத்திரத்தில் எழுதிய பிறகு கையெழுத்து.