பெண் எம்.பி.ங்க டெல்லில என்னதான் பண்றாங்க: டீச்சர்கிட்ட கேட்டதும் டீச்சர் சொன்னதும்

கேரளா பாலக்காடு ஜில்லால கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியத்துல முப்பது வருஷம் சமூக பாடம் எடுத்தவ நானு. பார்லிமென்ட் விவாதங்களை உக்காந்து படிக்கறது எனக்கு ரொம்ப நாள் பழக்கம், அதனாலதான் பெண் எம்.பி.ங்களைப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு நம்ம பக்கத்து ஆளுங்ககிட்ட சொன்னேன். கேட்டவங்க பேருக்குப் பதிலா அவங்க ஊர் பேரைப் போட்டிருக்கேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், பஞ்சாயத்து வேற, சட்டசபை வேற, பார்லிமென்ட் வேற. இதை மனசுல வெச்சுட்டு கேளுங்க.

வேலந்தாவளம்: டீச்சர், ஒரு லேடி எம்.பி ஓட்டெடுப்புல கை தூக்கறத தவிர வேற என்ன பண்ண முடியும்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். முதல்ல கேள்வி நேரம். மக்களவைல காலைல 11 மணிக்கு ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு மந்திரி எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும், அதுக்கு நட்சத்திரக் கேள்வின்னு பேரு, கூடவே துணைக்கேள்வி கேட்டு மடக்கலாம். இன்னொரு 230 கேள்விக்கு எழுத்துல பதில் வரும். அந்த எழுத்து பதிலைத்தான் நான் தங்கம்னு சொல்லுவேன், ஏன்னா அரசாங்கமே கையெழுத்துப் போட்டு குடுத்த கணக்கு அது, நாளைக்கு மாத்திப் பேச முடியாது.

அப்புறம் கமிட்டி. டிவில வராது, ஆனா கமிட்டிக்குப் போற மசோதாவோட ஒவ்வொரு வரியையும் அங்கதான் அலசுவாங்க. 1996ல மகளிர் இடஒதுக்கீடு மசோதா வந்தப்போ அதை ஆராய்ஞ்ச கூட்டுக் குழுவுக்கு தலைவர் கீதா முகர்ஜி, வங்காளத்து கம்யூனிஸ்ட் எம்.பி. செப்டம்பர்ல மசோதா வந்துச்சு, டிசம்பர்லயே அறிக்கை குடுத்துட்டாங்க. அந்த வேகத்தை நினைச்சா எனக்கு இன்னிக்கும் அவங்க மேல மரியாதை.

மூணாவது தனிநபர் மசோதா. மந்திரியா இல்லாத எம்.பி.யும் சட்டம் கொண்டு வரலாம், அதுக்கு வெள்ளிக்கிழமைல நேரம் ஒதுக்குவாங்க. இது வரைக்கும் அப்படி சட்டமானது 14தான், கடைசியா ஆனது 1970ல. அந்த 14ல ஒண்ணு டெஹ்ரி கட்வால்ல சுயேச்சையா ஜெயிச்ச ராஜமாதா கமலேந்துமதி ஷா கொண்டு வந்தது, பெண்கள் குழந்தைங்க விடுதி நடத்தணும்னா லைசென்ஸ் வாங்கணும்ங்கற 1956 சட்டம். மசோதா சட்டமாகலைன்னாலும் வீண் இல்லீங்க. மதுரைல பொறந்த நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1952ல மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரா போயி மிருகவதைக்கு எதிரா மசோதா கொண்டு வந்தாங்க, நேரு அரசாங்கமே சட்டம் கொண்டு வர்றோம்னு சொன்னதும் வாபஸ் வாங்கினாங்க, 1960ல சட்டம் வந்துச்சு. மாட்டு வண்டில அளவுக்கு மீறி பாரம் ஏத்தினா கேஸ் போடலாம்னு இருக்கறதுக்கு ஆரம்பம் ஒரு டான்ஸ் டீச்சர்.

எருத்தேன்பதி: பொம்பளைங்களுக்கு 33 சதவீதம் சீட்டு பாஸ் ஆயிடுச்சுன்னாங்க, அப்புறம் ஏன் 2024ல வரல?

2023 செப்டம்பர் 20 மக்களவைல ஆதரவு 454, எதிர்ப்பு 2; மறுநாள் மாநிலங்களவைல ஆதரவு 214, எதிர்ப்பு 0. அரசியலமைப்போட 106வது திருத்தம். ஆனா சட்டத்துக்குள்ளயே ஒரு பூட்டு இருக்கு, இந்த சட்டத்துக்கு அப்புறம் எடுக்கற சென்சஸ் கணக்கு வரணும், அதை வெச்சு தொகுதி மறுவரையறை, அதாவது தொகுதி எல்லைகளை திருப்பி வரையறது, நடக்கணும், அதுக்கப்புறம்தான் அமல்னு எழுதியிருக்கு. அதான் 2024ல 543ல 74 பேர்தான் பொம்பளைங்க. நம்ம கேரளா 20 தொகுதில அந்த பொதுத்தேர்தல்ல ஒருத்தர் கூட இல்ல, அப்புறம் நவம்பர்ல வயநாடு இடைத்தேர்தல்ல பிரியங்கா காந்தி ஜெயிச்சாங்க. 2019ல நம்ம ஆலத்தூர்ல ரம்யா ஹரிதாஸ் ஜெயிச்சப்போ கேரளாவுக்கே ஒரே பெண் எம்.பி அவங்கதான். படிச்ச பொம்பளைங்க இவ்வளவு பேர் இருக்கற மாநிலத்துல இது வெக்கக்கேடுன்னு நான் எல்லா கட்சிக்காரங்க மூஞ்சிக்கு நேராவும் சொல்லிருக்கேன்.

கோபாலபுரம்: எங்க தெரு ரோடு மூணு வருஷமா குழி. எம்.பிக்கு தொகுதி வளர்ச்சி நிதின்னு வருஷம் 5 கோடி வருதுல்ல?

அந்த 5 கோடி எம்.பி கைக்கு வர்றதில்ல. அவங்க சிபாரிசு மட்டும்தான் பண்ணுவாங்க, அனுமதியும் வேலையும் கலெக்டர் பக்கம். தெரு ரோடுக்கு முதல்ல வார்டு மெம்பரைப் பாருங்க.

வண்ணாமடை: திண்டுக்கல்லுக்கு ஒரு மலையாளி அம்மா எம்.பியா இருந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு, நெசமா?

நெசம்தான் கண்ணு. அம்மு சுவாமிநாதன். நம்ம பாலக்காடு ஜில்லா ஆனக்கரைல பொறந்தவங்க, நேதாஜியோட ஐ.என்.ஏ படைல இருந்த கேப்டன் லட்சுமியோட அம்மா. நம்ம அரசியலமைப்பை எழுதின அரசியல் நிர்ணய சபைல இருந்த 15 பொம்பளைங்கள்ல ஒருத்தர். சட்டப்புத்தகம் பைல வெச்சுட்டு போற அளவுக்கு சின்னதா இருக்கும்னு நினைச்சேன், இவ்வளவு தடியா ஆயிடுச்சேன்னு அந்த சபைலயே சொன்னவங்க. 1952 முதல் தேர்தல்ல திண்டுக்கல்ல ஜெயிச்சாங்க.

வாளையாறு: அது எப்படிங்க, வேற மாநிலத்துக்காரங்களை கொண்டு வந்து நிறுத்தினா அந்த ஊர் கஷ்டம் என்ன தெரியும்?

மீனாட்சிபுரம்: அப்படிப் பாத்தா நம்மளும் இங்க வேற மாநிலத்துக்காரங்கதானா? நாலு தலைமுறையா இங்க இருக்கோம்.

வாளையாறு: நான் அதை சொல்லலீங்க, மண்ணோட மைந்தர் வேணும்னு சொன்னேன்.

ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. 1952ல அது வேற மாநிலமே இல்ல. மலபார் ஜில்லா முழுசும் அப்ப மெட்ராஸ் மாநிலம், ஆனக்கரையும் அதுல, திண்டுக்கல்லும் அதுல. வாளையாறுத் தம்பி, உங்க ஊரும் கோயமுத்தூரும் அப்ப ஒரே மாநிலம். எங்க சித்தூர் தாலுகாதான் பழைய கொச்சி ராஜ்ஜியம், சுத்தியும் மலபாரும் கோயமுத்தூர் ஜில்லாவும், நடுவுல நாங்க, அதனால அந்தத் தேர்தல்ல நாங்கதான் திருவிதாங்கூர்-கொச்சில ஓட்டுப் போட்டோம். 1956 நவம்பர் 1 அன்னிக்குத்தான் கோடு மாறுச்சு, ஆளுங்க மாறல. தாட்சாயணி வேலாயுதனை எடுத்துக்குங்க, கொச்சி பக்கம் முளவுகாடு தீவுல பொறந்தவங்க, அரசியல் நிர்ணய சபைல இருந்த ஒரே தலித் பெண், அவங்களும் 1946ல மெட்ராஸ்ல இருந்துதான் தேர்வாகிப் போனாங்க. காலேஜ்ல சாதியால எட்ட நிறுத்தி வெச்ச பொண்ணு, தீண்டாமை ஒழிப்பை எழுதின சபைல உக்காந்திருந்தாங்கன்னு வகுப்புல சொல்றப்பெல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும்.

வாளையாறு: சித்தூர் கொச்சின்னு இப்பத்தான் தெரியும் டீச்சர். ஆனா உள்ளூர் ஆளு வேணும்ங்கறதுல நான் மாறல.

மாற வேண்டாம். ஆனா அளக்கறதுன்னா பொறந்த ஊரை வெச்சு அளக்காதீங்க, கேட்ட கேள்வியை வெச்சு அளங்க. எந்த எம்.பி என்ன கேட்டாங்கங்கறது பார்லிமென்ட் வெப்சைட்லயே இருக்கு.

நெம்மாறை: 33 சதவீதம் எப்ப வரும் டீச்சர்?

மேல எருத்தேன்பதிக்கு சொன்னதுதான்.

கோவிந்தாபுரம்: முத்துலட்சுமி ரெட்டி பார்லிமென்ட்ல தேவதாசி முறையை ஒழிச்சத பத்தி சொல்லுங்க.

பார்லிமென்ட் இல்லீங்க, அவங்க இருந்தது மெட்ராஸ் சட்டசபை, அப்ப அதுக்கு லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில்னு பேரு; அங்க மசோதா கொண்டு வந்தாங்க, சட்டமானது 1947ல. சட்டசபை வேற, பார்லிமென்ட் வேறன்னு ஆரம்பத்துலயே சொன்னேன். பெரிய மனுஷி, ஆனா இந்தத் தலைப்புல வர மாட்டாங்க.

வேலந்தாவளம்: எங்கம்மாவுக்கு விதவை பென்ஷன் நின்னு போச்சு, எம்.பிக்கு எழுதவா?

பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போங்க. மனுவுக்கு ரெண்டு காப்பி எடுங்க, ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிட்டு வாங்க. எங்க வீட்டுல ஒரு மனு ஒரு ஆபீஸ்ல காணாம போயி, குடுத்ததுக்கே ஆதாரம் இல்லாம ரெண்டு வருஷம் அலைஞ்சோம்.

கொழிஞ்சாம்பாறை: மகளிர் ஒதுக்கீடு ராஜ்யசபாவுக்கும் உண்டா? எப்ப இருந்து?

ராஜ்யசபாவுக்கு இல்ல, இது புதுக் கேள்வி. எப்ப இருந்துங்கறது மூணாவது தடவை, மேல படிங்க. ஒண்ணு சேத்துக்குங்க, 2010ல மாநிலங்களவை இதே மாதிரி மசோதாவை ஆதரவு 186, எதிர்ப்பு 1ன்னு பாஸ் பண்ணுச்சு, மக்களவைல எடுக்காமயே விட்டு 2014ல காலாவதியாச்சு. ஓட்டு விழுந்துடுச்சுன்னு பட்டாசு வெடிச்சுட்டு மறந்துடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

கோபாலபுரம்: நம்ம பக்கத்துல பேர் சொல்ற மாதிரி பெண் எம்.பி யாரும் இல்லையா?

என்ன இப்படி கேட்டுட்டீங்க! கோயமுத்தூர்ல பார்வதி கிருஷ்ணன் இருந்தாங்களே. 1957லயும் 1977லயும் ஜெயிச்சவங்க, தொழிற்சங்கத்துல இருந்து வந்தவங்க. ஜமீன் குடும்பத்துப் பொண்ணு, அப்பா சுப்பராயன் மெட்ராஸ்ல முதலமைச்சரா இருந்தவரு, அம்மா ராதாபாய் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவங்க. அந்த வீட்டுல இருந்து மில் தொழிலாளி பக்கம் வந்து நின்னாங்க.

மீனாட்சிபுரம்: டீச்சர், நம்ம தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துல வாத்தியார் போஸ்ட் காலியாவே கிடக்கு. இதை எம்.பி கிட்ட கேக்கலாமா, இல்ல இதுவும் பஞ்சாயத்தா?

இதை கேக்கலாம், இதைத்தான் கேக்கணும். போஸ்டிங் போடறது மாநில அரசு, அதுக்கு எம்.எல்.ஏ. ஆனா அரசியலமைப்புல 350ஏ இருக்கு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு தொடக்கக் கல்வி தாய்மொழில கிடைக்க வசதி பண்ணணும்னு சொல்லுது. 350பி படி மொழிச் சிறுபான்மையினருக்குன்னு ஒரு ஆணையரே உண்டு, அவரோட அறிக்கையை ரெண்டு சபைலயும் வைக்கணும். அதனால எம்.பிக்கு வாத்தியார் போடுங்கன்னு எழுதாதீங்க. பாலக்காடு ஜில்லா தமிழ் மீடியம் பள்ளிங்க பத்தி ஆணையர் என்ன சொல்லிருக்காரு, அதுல மத்திய அரசு என்ன நடவடிக்கை எடுத்துச்சுன்னு சபைல கேள்வி போடச் சொல்லி எழுதுங்க. கேள்விக்கு 15 நாள் முன்னாடியே நோட்டீஸ் போகணும், அதனால கூட்டத்தொடர் ஆரம்பிச்சப்புறம் ஓடினா லேட்டு.

எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைங்க, எத்தனை போஸ்ட் காலி, எந்த மாசத்துல இருந்துன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாங்கம்மிணி. உக்காந்து எழுதலாம். வரும்போது பிடிஏல, அதான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல, இருக்கற அம்மாங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க, கையெழுத்து அவங்களோடதா இருக்கட்டும்.